அக்கா வளர்க்கும் சீனித்தண்ணிக் கூட்டம்

ஜனவரி 18

வந்து சேர்ந்தாயிற்று. விமான நிலையத்தில் கண்ணாடிப் பலகையில் விரலை அழுத்தச் சொன்னான் ஒரு பையன். பெண்கள் சிறையில் துணைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனை பேருடைய விரலைப் பிடித்து மையில் உருட்டியிருப்பேன். இவன் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் ரேகையை எடுத்து என்ன கண்டுபிடிப்பானோ.

வெளியே அக்கா மகன் நின்றான். எங்கள் அப்பா பெயரை வைத்து நெல்லையப்பன். இங்கே எல்லோரும் 'நெல்ஸ்' என்று கூப்பிடுகிறார்கள். திரும்பியும் பார்க்கிறான்.

ஹேவர்ட் என்று ஒரு ஊர், கலிஃபோர்னியாவில். மரப்பெட்டியைக் கவிழ்த்த மாதிரி வீடு. சுவரைத் தட்டினால் உள்ளே காற்று. இதில் அக்கா முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்திருக்கிறாள். அத்தான் போன பிறகும் இதை விட்டு நகரவில்லை.

ஆவுடையக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நவம்பரில் பக்கவாதம் வந்ததில் வலது கை துணிபோலத் தொங்குகிறது. கால் கம்பை ஊன்றினால் இழுத்துக்கொண்டு வருகிறது. பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

"ஏக்கா, நான் பிரமு வந்திருக்கேன்."

"ஆமா."

"எப்படி இருக்கே?"

"ஆமா."

"என்னைத் தெரியுதுல்லா?"

"ஆமா, ஆமா, ஆமா." இது எரிச்சல். சொல் அதேதான்.

மார்ச் நடுவில் எங்கள் இருவருக்கும் பாளையங்கோட்டைக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருக்கிறது. கீழ் அறையைத் தயார் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். குளியலறையில் பிடித்து நிற்கக் கம்பி, நாற்காலி நுழையும்படி அகலமாக இடித்துக் கட்டின வாசல், ஜன்னலுக்கு நீலத் திரை. கொத்தனார் "யாருக்கும்மா?" என்று கேட்டான். எனக்கு இவ்வளவு பெரிய வீடு தண்டம், ஆள் இருக்கட்டும் என்றேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டாலும் ஆமா என்றுதானே சொல்லப்போகிறாள்.

ஜனவரி 19

இந்த ஊர்ப் பாலில் தயிர் உறையவில்லை. பாலுக்கே இங்கே முதுகெலும்பு இல்லை.

ஜனவரி 21

நெல்லையப்பன் சியாட்டிலுக்குக் கிளம்பிப் போய்விட்டான். போகும்போது கொல்லையைக் காட்டி, "சித்தி, அம்மாவோட பறவைகள். அந்தப் புட்டியில தண்ணி மட்டும் காலியாகாமப் பார்த்துக்கங்க" என்றான். தாய்க்கு மாத்திரை எப்போது என்பதைக் காகிதத்தில் ஒட்டிவிட்டான். பறவைக்கு மட்டும் வாயால் சொன்னான்.

கொல்லை என்பது கால் சென்ட் புல்லும் ஓர் எலுமிச்சையும். எலுமிச்சைக் கிளையில் சிவப்பு மூடி போட்ட கண்ணாடிப் புட்டி. உள்ளே சீனித்தண்ணீர். அதைக் குடிக்க வருவதற்கு ஹம்மிங்பேர்ட் என்று பெயர். பறவை என்று சொல்கிறார்கள். நம் ஊர்த் தட்டான் இதைவிடக் கொஞ்சம் பெரிது. ஊசி மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு, ஓர் இடத்தில் நிலையாக அந்தரத்தில் நின்று, பழைய மிக்ஸி போல இரைச்சல் போடுகிறது. அமெரிக்காக்காரன் இதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொள்கிறான். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "தேவதைகள்" என்றாள்.

இன்று காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். அக்காவுக்குக் காவல் இருக்கும்போது வேறு வேலை இல்லை. தேவதையாம். ஒரு ஆண் இருக்கிறது. தலையும் கழுத்தும் பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே இருக்கும். வெயில் பட்டால் பீட்ரூட் நறுக்கின நிறத்தில் பற்றி எரியும். அது எலுமிச்சையின் உச்சிக்கொம்பில் உட்கார்ந்துகொண்டு, வேறு எதையும் புட்டியிடம் அண்ட விடுவதில்லை. தான் குடிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வருகிறவற்றைத் துரத்துவதுதான் அதற்குச் சாப்பாடு.

இந்த ரகம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சிறையில் முத்துக்கனி என்று ஒருத்தி இருந்தாள். தண்ணீர்க் குழாயை அவள்தான் பிடித்து வைத்திருப்பாள். குளிக்க மாட்டாள். மற்றவர்கள் குளிக்கக் கூடாது, அவ்வளவுதான். அவளையும் வெளியே இருந்து பார்க்க வந்த சமூக சேவகிகள் 'பாவம், பூஞ்சை உடம்பு' என்றார்கள்.

"ஏக்கா, நீ வளர்க்கிறது எல்லாம் ரௌடிப் பயலுக" என்றேன்.

"ஆமா" என்றாள். பெருமையாக.

ஜனவரி 24

பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் ஆள் வந்தான். பெயர் ரெய்னால்டோ, ரே என்று கூப்பிட வேண்டுமாம். பிலிப்பைன்ஸ்காரன், எழுபது இருக்கும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், பெண்டாட்டி இல்லை. மணி அடிக்கவில்லை, கதவைத் தட்டவில்லை. சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு நேராகச் சமையலறைக்கு வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

பறவைத் தண்ணீர் மாற்ற வந்தானாம். வாரத்தில் பாதி நாள் வருவது வழக்கமாம்.

புளி எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்கு வந்ததிலிருந்து தெரியவில்லை. அந்த ஆள் கையை நீட்டி எடுத்துக் கொடுத்தான். அக்காவுக்கு ரசம் பிடிக்கும், கொஞ்சம் மிளகு தூக்கலாக, என்று எனக்கே இங்கிலீஷில் பாடம். பிறகு அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ கதை சொன்னான். பஸ்ஸில் ஆடு ஏற்றிய கதை போல. அக்கா "ஆமா" என்றாள், அவன் தொடர்ந்தான், அக்கா "ஆமா" என்றாள். ஒரு மணி நேரம். பேசவராத பொம்பளையிடம் உட்கார்ந்து பேசுகிறவன் எவ்வளவு வேலையற்றவனாக இருக்க வேண்டும்.

போகும்போது அக்காவின் காலுறை நழுவியிருந்ததை இழுத்து விட்டான். அது நர்ஸ் செய்யவேண்டிய வேலை.

ஜனவரி 27

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிப் பழகிவிட்டது.

அக்காவை வெயிலுக்காகக் கொல்லையில் உட்காரவைத்து, நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இங்கே கொடி கட்டக் கூடாது என்று ஏதோ சட்டமாம், நான் கட்டிவிட்டேன். திடீரென்று காதோரம் மிக்ஸி இரைச்சல். திரும்பினால் என் முகத்துக்கு நேரே அந்த முத்துக்கனி. ஒரு சாண் தூரம். இமைக்கவில்லை. நானும் இமைக்கவில்லை. கொலைக் குற்றவாளியெல்லாம் என் பார்வைக்கு முன் தலையைத் தாழ்த்தியிருக்கிறார்கள். இது தாழ்த்தவில்லை. சிறகடித்த காற்று என் இமையில் பட்டது. பிறகு மெல்ல முன்னே வந்து, என் நெற்றியில் வைத்திருந்த குங்குமப் பொட்டில் மூக்கை வைத்து ஒரு குத்து.

பூ என்று நினைத்துவிட்டதாம். அறுபத்தொரு வயதில் என்னைப் பூ என்று நினைத்த முதல் ஆள். அறிவு இருந்தால்தானே.

குத்தியது வலிக்கவில்லை. ஈக்குச்சியால் தொட்ட மாதிரி. தேன் வராததும், என்னை ஏமாற்றுக்காரி என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு உச்சிக்கொம்புக்குப் போய்விட்டது.

அக்கா சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிய, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சின்ன வயதில் நான் குளத்தங்கரைச் சேற்றில் வழுக்கி விழுந்தபோது இப்படித்தான் சிரித்தாள். அப்போதும் தூக்கிவிட வரவில்லை.

நான் வந்ததிலிருந்து அவள் சிரித்தது இன்றுதான்.

பிப்ரவரி 2

காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளை பூத்துக் கிடந்தது. அவ்வளவு குளிர். புட்டியில் ஒரு பறவை தலைகீழாகத் தொங்கியது. விரலால் தட்டினேன், அசையவில்லை. சரி, ஒன்று தொலைந்தது என்று பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்து குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஜன்னலிலிருந்து அக்கா பார்த்துவிட்டாள். இடது கையால் மேசையை ஓங்கி அறைந்தாள். "ஆமா, ஆமா, ஆமா!" தெருவுக்கே கேட்டிருக்கும். மாத்திரை டப்பா உருண்டு விழுந்தது. என்ன வேண்டும் என்றால் குப்பைத் தொட்டியைக் காட்டினாள். செத்ததை எடுத்துத் தரச் சொல்கிறாள். சரி, அடக்கம் பண்ணட்டும் என்று எடுத்துக் கொடுத்தேன். வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

அதை இடது உள்ளங்கையில் வாங்கி, வாயருகே கொண்டுபோய் ஊதிப் பார்த்தாள். பிறகு ஸ்வெட்டருக்குள் போட்டு, கழுத்துக்குக் கீழே அணைத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். நெல்லையப்பனுக்குப் போன் செய்யலாமா என்று யோசிக்கும்போது அவள் நெஞ்சுக்குள் மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

செத்துப்போகவில்லையாம். குளிர் இரவில் இவை மூச்சையும் நாடியையும் குறைத்துக்கொண்டு கட்டையாகிவிடுமாம். வெயில் வந்ததும் எழுந்துகொள்ளுமாம். நெல்லையப்பன் பிறகு போனில் சொன்னான். வேலை நேரத்தில் மயக்கம் என்று படுத்துக்கொண்டு, சாப்பாட்டு மணிக்கு எழுந்துவரும் கைதிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

ஸ்வெட்டரிலிருந்து கிளம்பியது வெளியே போகத் தெரியாமல் வீட்டுக்குள் சுற்றியது. ஜன்னல் கண்ணாடியில் மோதி மோதி விழுந்தது. அக்கா பதறினாள். நான் துண்டைப் போட்டுப் பிடித்தேன். துண்டுக்குள் கையை விட்டு எடுத்தபோது என் கையில் எதுவுமே இல்லை என்று நினைத்தேன். எடையே இல்லை. நெஞ்சு மட்டும் அடித்தது. அடிப்பு என்று தனித்தனியாக எண்ண முடியாது, ஒரே நடுக்கமாக, போன் அதிர்வதுபோல. அது என்னைப் பார்த்தது. கழுத்து நிறம் மங்கலாக இருந்தது. பெண் போல.

கொல்லையில் கையை விரித்தேன். போகவில்லை. போக வழி இருக்கிறது என்று புரிய அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் நின்றேன்.

பிறகு போயிற்று. நன்றி கெட்டது.

பிப்ரவரி 3

அக்காவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சிறுமி வந்தாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டி, "இது என்ன? கரண்டி" என்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவளுக்குக் கரண்டி கற்பிக்கிறாள். அந்த இரண்டில் மகள் சின்னதிலேயே இறந்துபோனது இவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த 'குழந்தை' அட்டையை மேலே வைத்திருக்க மாட்டாள். நான் எடுத்து மேசைக்கு அடியில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9

கொல்லைக் கதவுக்கு மேலே தொங்கும் விளக்குச் சரத்தில் கூடு. ஒரு பெண் பறவை கட்டியிருக்கிறது. சிலந்தி வலையையும் பாசியையும் வைத்து, பாதி எலுமிச்சை ஓடு அளவில். அதில் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறது. மூக்கும் வாலும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அப்பன்காரன் எங்கே என்று கேட்டால், அவன் வேலை அன்றைக்கே முடிந்ததாம். அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் இவள் ஒருத்திதான். எந்த ஊருக்குப் போனாலும் கதை ஒன்றுதான்.

இதைப் பார்க்க அந்த ரே வந்திருந்தான். நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது இரண்டு பேரும் கதவடியில் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் விளங்காத கை அவன் மடியில் இருந்தது. ஆறிப்போன காபியை யாருக்கும் குடிக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் சாமான்களைச் சத்தமாக வைத்தேன். கை எடுக்கப்படவில்லை.

ஒரு வீட்டுக்கு வெளியாள் கையில் சாவி இருப்பது பாதுகாப்பு அல்ல. முறைப்படி எடுத்துச் சொன்னேன். "மார்ச்சில் என் அக்கா இந்தியாவுக்கு வருகிறாள். இனிமேல் உங்களுக்குச் சிரமம் வேண்டாம். சாவியைக் கொடுங்கள்."

அந்த ஆளுக்கு இந்தியா விஷயம் தெரிந்திருக்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அக்கா என்னைப் பார்த்தாள். வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற அவன் விரல்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. முதுகெலும்பு இல்லை, இந்த ஊர்ப் பாலைப்போல.

பிப்ரவரி 11

அக்கா சாப்பிட மாட்டேன் என்கிறாள். இட்லியைத் தள்ளிவிட்டாள். உப்புமாவைத் தள்ளிவிட்டாள்.

உண்ணாவிரதம். என்னிடம். எத்தனை உண்ணாவிரதத்தை முடித்து வைத்தவள் நான். முதலில் கண்டுகொள்ளக் கூடாது. அடுத்து, பிடித்த சாப்பாட்டை எதிரில் வைத்து நாம் சாப்பிட வேண்டும். பசி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

பிப்ரவரி 12

பசி பார்த்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 13

மாத்திரையையும் துப்பிவிட்டாள். மாத்திரை இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், இன்னொரு தடவை வந்தால் என்ன ஆகும் என்று அவளிடம் எடுத்துப் பேசினேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். "யாருக்காக நான் இத்தனை தூரம் வந்தேன்? நீ அமெரிக்கா, அமெரிக்கான்னு வந்துட்டே. அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரைக்கும் வச்சுப் பார்த்தது யாரு? இப்பயும் உனக்கு நான்தான் வேணுமா, அந்த பஸ் டிரைவரா?"

"ஆமா" என்றாள். மெதுவாக.

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வது.

புட்டி காலியாகக் கிடந்தது. அடைகாக்கிறவள் வந்து வெறும் துளையில் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். திரும்பவும் வந்தாள். கண்ணுக்கு உறுத்தலாக இருந்தது. சீனி எப்படியும் கட்டிதட்டிப் போய்க் கிடந்தது, வீணாகத்தானே போகும் என்று கொஞ்சம் கரைத்து ஊற்றினேன். ஒரு பங்குக்கு ஒரு பங்கு போட்டேன். குடித்துப் பார்த்தாள், வாயை எடுத்துக்கொண்டாள். மைசூர்பாகு பதமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 14

அந்த ஆளின் வீட்டுக்குப் போனேன். சீனிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்கத்தான். பக்கத்துத் தெரு முனையிலேயே வீடு. கதவைத் திறந்தவர் சவரம் செய்யாமல் இருந்தார்.

"ஒன்றுக்கு நான்கு" என்றார். "அவள் சாப்பிட்டாளா?"

"இல்லை."

கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் வாருங்கள் என்று சொல்லவேயில்லை. வழியில் சாவியை அவர் பக்கம் நீட்டினேன். கூட்டுக்குத் தினமும் யாராவது வர வேண்டியிருக்கிறதே என்றேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.  

அக்கா இரண்டு கிண்ணம் ரசஞ்சாதம் சாப்பிட்டாள். மிளகு அதிகம், எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 23

குஞ்சுகள் பொரிந்துவிட்டன. இரண்டு. பார்க்கச் சகிக்காது, கருகிப்போன கடலைப்பருப்புக்கு வாய் முளைத்த மாதிரி. தாய் வந்து கூட்டு விளிம்பில் நின்று, அந்த ஊசியைப் பிள்ளையின் தொண்டைக்குள் முழுக்க இறக்குகிறாள்.  குத்திக் கொல்கிறாள் என்றே தோன்றும். அப்படித்தான் ஊட்டுகிறாள்.

நாற்காலியில் ஏறி நின்று பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ரே மருந்துத் தைலம் கொண்டுவந்தார். அது நம் ஊர்க் கோடாலித் தைலம்தான், டப்பா மட்டும் வேறு.

மார்ச் 1

நெல்லையப்பன் வந்தான், பெட்டி கட்ட. இரவுச் சாப்பாடு ஆனதும் தாய்க்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டான்.

"அம்மா, சித்தியோட ஊருக்குப் போறீங்களா?"

"ஆமா."

"உங்களுக்குச் சம்மதம்தானே?"

"ஆமா."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்னைப் பார்த்து, "அம்மா சரின்னுட்டாங்க, சித்தி" என்றான். படித்த பையன். கம்ப்யூட்டருக்குப் பேச்சைப் புரிய வைக்கிற வேலையாம் அவனுக்கு.

கட்டாயத்தில் கொடுத்த வாக்குமூலத்துக்கு ஒரு தொனி உண்டு. ஆயிரம் கேட்டிருக்கிறேன். அந்த முதல் ஆமா கீழே இறங்கி முடிந்தது. இரண்டாவது ஆமா முடியவே இல்லை, பாதியில் நின்றது.

எனக்கு அது கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அறை தயாராக இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி ஊரில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

மார்ச் 2

அக்காவின் பட்டுப்புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். நான் திரும்ப வைத்தேன். பகல் முழுக்க இதுதான் வேலை. 

மார்ச் 3

இன்று காலை நெல்லையப்பன் கூட்டையும் விளக்குச் சரத்தையும் பார்த்துவிட்டு, "நாம போனப்புறம் இதெல்லாம் ரே பார்த்துப்பார்" என்றான். "அம்மாவுக்கு நல்ல அண்டைவீட்டுக்காரர் அவர். இல்ல சித்தி?"

இவ்வளவு கூமுட்டையாக ஒரு பிள்ளை வளர முடியும் என்பதே எனக்கு அதிசயம்.

"ஏலே நெல்லையப்பா," என்றேன், "உங்கம்மாவுக்கு வாயிலே ஒரு சொல்லுதான் இருக்கு. நீ கேட்கிற கேள்விக்கு அது பத்தாது. இங்கன வா, ஓரமா நில்லு."

அக்காவை வீட்டின் நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்தேன். வாசல் கதவை விரியத் திறந்தேன். வெளியே நெல்லையப்பனின் வாடகைக் கார் நின்றது. கொல்லைக் கதவையும் விரியத் திறந்தேன். கையில் கம்பைக் கொடுத்தேன்.

"ஏக்கா, அந்தக் கதவு வழியா போனா நம்ம ஊரு. நான் இருக்கேன். அறை கட்டி வச்சிருக்கேன், உனக்காகத்தான் கட்டினேன். இந்தக் கதவு வழியா போனா உன் கொல்லை. யாரும் உன்னைப் பிடிச்சுத் தள்ள மாட்டோம். நீயே போ."

நெல்லையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கையை உயர்த்தினேன். அந்தக் கை உயர்ந்தால் ஒரு சிறையே வாயை மூடும்.

அக்கா என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கம்பை ஊன்றி எழுந்தாள். எழுந்தவள் முதலில் என் பக்கம்தான் வந்தாள். எனக்கு நெஞ்சு அடித்தது. அது படியேறி இறங்கின களைப்பு. என் எதிரே நின்று, நல்ல கையிலிருந்த கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் கன்னத்தைத் தொட்டாள். கை ஜில்லென்றிருந்தது. பிறகு கம்பை எடுத்துக்கொண்டு திரும்பி, காலை இழுத்து இழுத்து, மேசையைப் பிடித்து, அலமாரியைப் பிடித்து, கொல்லைக் கதவைப் பார்த்துப் போனாள். ஓர் இடத்தில் விரிப்பு தடுக்கியது. நெல்லையப்பன் ஓடப்போனான். அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினேன். அவளே சமாளித்துக்கொண்டாள்.

படியில் இறங்கி வெயிலில் நின்றாள். தலைக்கு மேலே அந்தத் தாய்ப் பறவை கூட்டைவிட்டுக் கிளம்பி, அவள் முகத்துக்கு எதிரே ஒரு கணம் நின்றுவிட்டுப் போயிற்று.

"அம்மா ஏன் அங்க போறாங்க?" என்று கேட்டான் பிள்ளை.

சொன்னேன். ரே அவளுக்கு யார் என்பதையும் சொன்னேன். இந்த வீட்டில் அதைச் சொல்ல எனக்குத்தான் வாய் இருக்கிறது.

மார்ச் 5

நெல்லையப்பனுக்குக் கோபம். "இந்த வயசுல அம்மாவுக்கு என்ன இது? மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்கிறான். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. எங்கள் தெருவில் வாழ்ந்து செத்த சித்தப்பாக்கள் இவனைவிட நாகரிகமாகப் பேசியிருப்பார்கள்.

"உங்கம்மா காலுறை நழுவினா இழுத்துவிட நீ சியாட்டில்ல இருந்து வருவியா?" என்று கேட்டேன்.

கார்ச் சாவியை விரலில் சுழற்றினான்.

"அப்ப வாயை மூடு."

பரோலுக்குப் போடுவதுபோல நிபந்தனைகள் போட்டேன். காலையில் நர்ஸ் வர வேண்டும். மாதம் ஒருமுறை நெல்லையப்பன் நேரில் வர வேண்டும்; போன் கணக்கில் வராது. படியில் கைப்பிடிக் கம்பி வைக்க வேண்டும், அந்த விரிப்பைத் தூக்கி எறிய வேண்டும். ரே அக்காவின் மாத்திரைகளை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். கூப்பிட்டு ஒப்பிக்கச் சொன்னேன். இரத்த அழுத்த மாத்திரையில் தடுமாறினார். மறுபடி ஒப்பிக்கச் சொன்னேன். நடுங்கிவிட்டார் மனுஷர்.

அக்கா ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஆமா என்றாள். எல்லாம் முழு ஆமா.

மார்ச் 12

ஒரு குஞ்சு நேற்றே போய்விட்டது. மற்றது இன்று கூட்டு விளிம்பில் நின்று சிறகை அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் அண்ணாந்து நின்றோம், கழுத்து வலிக்க. ரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் காபி போட உள்ளே போன நேரம் பார்த்து அது பறந்துவிட்டது. இவ்வளவு நாள் நாற்காலியில் ஏறி நின்று பார்த்தவளுக்கு அவ்வளவுதான் மரியாதை.

என் டிக்கெட் நாளைக்கு. அக்காவுடையதை ரத்து செய்தாயிற்று.

மார்ச் 13

காலையிலேயே கிளம்பினோம். நெல்லையப்பன் பெட்டியைக் காரில் வைத்தான். ரே வாசலில் அக்காவைத் தாங்கிக்கொண்டு நின்றார். இந்த ஊர்க்காரர்கள் வழியனுப்பும்போது கட்டிப்பிடிக்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டார். சரியாகக் கும்பிட வரவில்லை, ஆனால் கும்பிட்டார்.

"போயிட்டு வாரேன்க்கா" என்றேன். வருவேன் என்று அவளுக்கும் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. அவளுக்கு அறுபத்தெட்டு, எனக்கு முட்டிவலி.

அக்காவின் வாய் அசைந்தது. ஆமா வரப்போகிறது என்று நின்றேன். வரவில்லை. உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. ரே ஏதோ சொல்லப் போனார், அவர் கையை அவள் தட்டிவிட்டாள்.

"போ" என்றாள்.

பேச்சுச் சிறுமியின் அட்டைகளில் எதிலும் இல்லாத சொல்.  அவள் நிறுத்தவில்லை. இன்னும் பாக்கி இருக்கிறது என்பதுபோல இடது கையால் என் புடவை முந்தியைப் பிடித்து இழுத்தாள்.

"போ... ட்டி" என்றாள். "போட்டி."

'போடி' என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், சின்ன வயதில் என்னை அப்படித்தான் விரட்டுவாள். அறுபத்தொரு வருஷத்தில் நான் அவளை ஒருநாளும் 'டி' போட்டுப் பேசியது இல்லை. மூத்தவள்.

"போறேன்ட்டி" என்றேன்.

கோணல் வாயால் சிரித்தாள். முந்தியை விடவில்லை. நான் பிடுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கார் தெருமுனை திரும்பியதும் நெல்லையப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்: "என்ன சித்தி, கிளம்புற நேரத்துல போய் ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டீங்க?"

அமெரிக்காவில் பிறந்தது. அதற்கு என்ன தெரியும்.